கல்லடி ஸ்டூடியோ ஒன்றின் டிஸ்க் பழுதும் அதன்பின் செய்த தேர்வுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். அங்கே நடக்கும் சிறிய ஸ்டூடியோ ஒன்றின் கதை இது. உரிமையாளர் பிலிம் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. படம் பிடிப்பது அவர். எடிட்டிங் செய்வது அவருடைய அக்காவின் மகன். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் எல்லாம் வருமானத்துக்கான வேலைகள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நடக்கும் திருக்குளிர்த்தியையும், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களில் விடியவிடிய ஆடப்படும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளையும் அவர் விருப்பத்துக்காகப் பதிவு செய்கிறவர். அதில் காசு பெரிதாக வராது. ஆனால் அவர் பிடித்து வைத்திருக்கும் சில கூத்துகளுக்கு வேறு எங்கும் பதிவு கிடையாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் வந்தபோது, அதுவரை சேர்த்த நெகட்டிவ் பெட்டிகள் முழுவதும் போயின. அதன்பின் அவர் எதையும் எறிவதில்லை. வாடிக்கையாளருக்கு வேலையைக் கொடுத்து முடித்து வருடக்கணக்கானாலும் மூலப்பதிவை வைத்திருப்பார். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதியாகவே இருந்தது. ஒரு டிஸ்க் நிரம்பினால் அடுத்ததை வாங்கி, பழையதை அலுமாரியில் வைப்பது அவர் முறை.

கணினி மூன்றாம் தலைமுறை ஐ3 பிராசசருடன் எச்61 மதர்போர்டில் அமைந்தது. 4 ஜிபி டிடிஆர்3 வகை ரேம் (கணினி வேலை செய்யும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்) ஒரே துண்டாக இருந்தது. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று; விண்டோஸ் 10, எடிட்டிங் மென்பொருள், நடப்பு வேலைகள் எல்லாம் அதிலேயே. அலுமாரியில் இரண்டு யூஎஸ்பி போர்ட்டபிள் டிஸ்க்குகளும் ஒரு பெட்டி நிறைய டிவிடிகளும்.

2023 தொடக்கத்தில் 4கே பிடிக்கும் கேமரா இரண்டு வாங்கினார்கள். சிக்கலின் விதை அதில்தான். முன்பிருந்த கேமரா விநாடிக்கு 28 மெகாபிட் அளவில் பதிந்தது. ஒரு மணித்தியாலம் 12 ஜிபி சொச்சம். புதியது விநாடிக்கு 100 மெகாபிட். ஒரு மணித்தியாலம் 45 ஜிபி. இரண்டு கேமராவும் ஆளுக்கு நாலு மணித்தியாலம் ஓடினால் ஒரு கல்யாணம் 360 ஜிபி. 1 டிபி என்று விற்கும் டிஸ்க்கை விண்டோஸ் 931 என்றே காட்டும். அதற்குள் இரண்டு கல்யாணத்தோடு டிஸ்க் முட்டிவிடும். கேமரா வாங்கும்போது இந்தக் கணக்கைக் கடைக்காரர் சொல்லவில்லை; இவர்களும் கேட்கவில்லை.

சிக்கல் வளர்ந்த விதம்

முதலில் எடிட்டிங் மென்பொருள் இடையிடையே உறைந்தது. பிறகு நினைவகம் போதாது என்று அறிவிப்பு வந்தது. மருமகன் அதைப் பார்த்து, டிஸ்க்கில் இடமில்லை என்று எடுத்துக்கொண்டு பழைய வேலைகளை அழிக்கத் தொடங்கினார். அழித்தும் வேகம் வரவில்லை. காரணம், தட்டுப்பாடு ரேமில் இருந்தது. 4 ஜிபியில் விண்டோஸே பாதியை எடுத்துக்கொள்ளும். மீதிக்குள் 4கே காட்சிகளை அடக்க முடியாதபோது, விண்டோஸ் ரேமில் உள்ளதை டிஸ்க்கிலுள்ள பேஜ் பைலுக்கு எழுதி, திரும்ப வாசித்து, மறுபடி எழுதிக்கொண்டிருக்கும்.

இங்கே வேக வித்தியாசத்தைச் சொல்லாமல் போக முடியாது. ரேம் பதில் சொல்ல ஏறத்தாழ 100 நனோ விநாடி எடுக்கும். சுழலும் பாகமின்றிச் சில்லுகளில் தரவை வைக்கும் நல்ல எஸ்எஸ்டி அதைவிட ஆயிரம் மடங்கு தாமதம். சுழலும் ஹார்ட் டிஸ்க் அதற்கும் மேல் நூறு மடங்கு தாமதம். நிமிடத்துக்கு 7,200 தரம் சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே 8.3 மில்லி விநாடி வேண்டும், தட்டை வாசிக்கும் ஊசிக்கை இடம் மாறும் நேரம் வேறு. ரேமின் வேலையை அந்த டிஸ்க்கின் தலையில் கட்டினால் அது நாள் முழுக்க அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருக்கும். பல வருடம் ஓடித் தேய்ந்த டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை.

இடம் தேடி, மருமகன் இணையத்தில் "2 டிபி" பென் டிரைவ் ஒன்றை வாங்கினார். அந்தக் கொள்ளளவுக்கு நம்ப முடியாத மலிவு விலை. அந்த வருட வைகாசியில் பிடித்த திருக்குளிர்த்திப் பதிவை அதில் கொப்பி செய்தார். பச்சைக் கோடு கடைசிவரை ஓடி முடிந்தது. பிழை எதுவும் காட்டவில்லை. பைல் பெயர்களும் அளவுகளும் சரியாகவே தெரிந்தன. அந்த நம்பிக்கையில் டிஸ்க்கிலிருந்ததை அழித்து, மெமரி கார்டையும் பார்மட் செய்து அடுத்த கல்யாணத்துக்குப் பாவித்தார்.

ஐப்பசி மாதம், மாரி தொடங்கும் நேரம், கணினி திறக்கவே கால்மணித்தியாலம் எடுக்கும் நிலைக்கு வந்தது. சில போல்டர்களைத் தொட்டால் முழுதும் உறைந்தது. உள்ளேயிருந்து சீரான இடைவெளியில் டிக், டிக் என்று ஒரு சத்தம். அப்போதுதான் எங்கள் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு வந்தார்கள். பெரிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்பது அவர்கள் கொண்டுவந்த யோசனை.

முதற் பரிசோதனையில் கண்டது

பெட்டியைத் திறந்தோம். விசிறியில் தூசி, மின்வழங்கிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை, மதர்போர்டின் திருகாணிகளில் துரு. ரேம் துண்டைக் கழற்றியபோது அதன் பொன்னிறப் பற்கள் மங்கி, சில இடங்களில் கறுத்திருந்தன. கடற்கரையோரக் கணினிகளில் இது வழமை. வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துத் திரும்பப் பொருத்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை முழுச் சுற்று ஓடவிட்டோம். பிழை வரவில்லை. ரேம் சிறியது, ஆனால் பழுதில்லை.

டிஸ்க் வேறு கதை. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டியது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 05 எண், அதாவது பழுதான செக்டர்களுக்கு (தட்டிலுள்ள சிறு சேமிப்புத் துண்டுகள்) பதிலாக மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை, உயர்ந்திருந்தது. சி5, அதாவது வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதுவும் உயர்ந்திருந்தது. சி7, அதாவது கேபிள் வழியே தரவு போகும்போது நேர்ந்த பிழைகள், பூச்சியம். சி7 மட்டும் ஏறியிருந்தால் கேபிளை மாற்றிப் பார்ப்போம். இங்கே பழுது தட்டிலேயே.

பென் டிரைவை வெறுமையாக்காமல் முதலில் உள்ளதைப் பிரதி எடுத்தோம். பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதி, திரும்ப வாசித்துச் சோதித்தோம். உண்மையில் அதற்குள் இருந்தது ஏறத்தாழ 58 ஜிபி; 64 ஜிபி சில்லு ஒன்றுக்கு 2 டிபி என்று பொய் சொல்ல மென்பொருள் ஏற்றியிருக்கிறார்கள். இப்படியான போலிகள் எல்லை தாண்டியதும் ஒன்றில் பழையதன் மேலேயே எழுதும், இல்லாவிட்டால் எழுதியதாகக் காட்டிவிட்டு வீசிவிடும். பைல் பெயர்களின் பட்டியல் முன்பகுதியில் இருப்பதால் எல்லாம் இருப்பது போலத் தெரியும். திறந்தால்தான் தெரியும், உள்ளே ஒன்றுமில்லை.

போர்ட்டபிள் டிஸ்க்குகளில் ஒன்று நன்றாக இருந்தது. மற்றது சுழலத் தொடங்கி, தட்டித் தட்டி நின்றது. எப்போதோ மேசையிலிருந்து விழுந்தது என்றார்கள். விழுந்த பிறகும் ஒவ்வொரு கணினியாக மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்திருக்கிறார்கள். இப்போது இறந்துவிட்ட ஓர் அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி நடத்துபவர்) கடைசியாக நடத்திய கூத்து அதற்குள் இருந்தது.

எடுத்த முதல் முடிவு: எதையும் வாங்குவதற்கு முன் வாசிப்பது

உரிமையாளர் அவசரப்பட்டார். அடுத்த கிழமை கல்யாணம் ஒன்று இருந்தது. "புது டிஸ்க் போட்டு விண்டோஸை ஏத்தித் தாங்க தம்பி, மறுகா பழசைப் பாப்பம்" என்றார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சி5 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க் இன்று வாசிப்பதை நாளை வாசிக்காமல் போகலாம். கல்யாணத்துக்கு வேறொரு கணினியை இரவல் கொடுத்துவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்தோம்.

விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியை ஓட விடக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். மருமகன் அதை ஏற்கெனவே ஒருமுறை தொடங்கி, நேரமெடுத்ததால் பாதியில் நிறுத்தியிருந்தார். அந்தக் கருவி பைல் அமைப்பைச் சீராக்கச் செய்யப்பட்டது. சாகும் டிஸ்க்கில் அது பழுதான இடங்களையே திரும்பத் திரும்ப உரசும், கூடவே அட்டவணையையும் மாற்றி எழுதும்.

பதிலாக லினக்ஸில் டிடிரெஸ்கியூவைப் பாவித்தோம். டிஸ்க்கை யூஎஸ்பி வழியாக அல்லாமல் மதர்போர்டிலிருந்து நேரடியாக வரும் சாட்டா கேபிளில் பொருத்தி, மேலே ஒரு விசிறியை வைத்து, யூபிஎஸ் ஊடாக மின்சாரம் கொடுத்தோம். இந்த மென்பொருள் முதலில் சுகமாக வாசிக்கக்கூடிய இடங்களை எல்லாம் அள்ளி எடுக்கும். இடறும் பகுதியைத் தாண்டிப் போகும். எங்கே இடறியது என்று வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். நல்லதெல்லாம் பத்திரமான பிறகே இடறிய இடங்களுக்குத் திரும்பி, பின்பக்கமிருந்தும் வாசித்துப் பார்க்கும். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முடிவில் 1 டிபியில் ஏறத்தாழ 40 எம்பி மட்டும் வாசிக்கப்படாமல் நின்றது. அது சில புகைப்படங்களையும் ஒரு கல்யாண வீடியோவில் சில விநாடிகளையும் தின்றிருந்தது. பைல் அமைப்பைத் திருத்தும் வேலையைப் பிரதியில் மட்டும் செய்தோம். மூல டிஸ்க்கில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

பிரதியை நல்ல டிஸ்க்கில் போட்டு, அதே கணினியில் அதே 4 ஜிபியுடன் ஓடவிட்டோம். திறப்பது சீரானது, எடிட்டிங் இன்னும் உறைந்தது. கடையிலிருந்த 8 ஜிபி துண்டு இரண்டைச் செருகினோம். உறைதல் பெருமளவு நின்றது. ஆகவே இரண்டு தனித்தனி நோய்கள் என்பது உறுதியாயிற்று. இதைச் செய்யாமல் எஸ்எஸ்டி மட்டும் வாங்கியிருந்தால் பாதி நோய் அப்படியே இருந்திருக்கும்.

மீளாதவை

திருக்குளிர்த்திப் பதிவில் பென்னின் முதல் 58 ஜிபிக்குள் விழுந்த துண்டுகள் சில திறந்தன. மற்றவற்றைத் தேடி மெமரி கார்டில் அழிந்த பைல்களை மீட்கும் போட்டோரெக் மென்பொருளை ஓடவிட்டோம். ஆனால் அந்தக் கார்டில் அதன்பின் வேறு வேலைகள் எழுதப்பட்டிருந்தன. எழுதப்பட்ட இடத்துக்குக் கீழிருந்ததை எந்த மென்பொருளும் கொண்டுவராது. சடங்கின் பெரும்பகுதி போய்விட்டது. கோயில் நிர்வாகத்திடம் உரிமையாளரே போய்ச் சொன்னார். ஊர் இளைஞர்கள் தொலைபேசியில் எடுத்திருந்த துண்டுகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

விழுந்த டிஸ்க்கை நாங்கள் திறக்கவில்லை. தூசியற்ற அறை இல்லாமல் மூடியைக் கழற்றுவது கடைசி வாய்ப்பையும் கெடுப்பது. கொழும்பில் இந்த வேலை செய்யும் இடமொன்றுக்கு அனுப்பினோம். வாசிப்புத் தலை தட்டில் மோதி வளையமாகக் கீறிவிட்டது, எதுவும் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. விழுந்ததோடு அலுமாரியில் வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். ஒவ்வொரு தடவை செருகும்போதும் கீறல் நீண்டிருக்கிறது.

கூத்துக்கு மாற்று வழி அண்ணாவியாரின் வீட்டில் கிடைத்தது. அந்த நாளில் உரிமையாளர் அவர்களுக்கு ஐந்து டிவிடிகளில் எழுதிக் கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் இறங்கி, இரண்டில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஒன்றின் விளிம்பில் வெள்ளிப்படலம் நகம் அளவுக்கு உரிந்திருந்தது. சுத்தமான தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் மென்துணியால் துடைத்தோம். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே ஓடி, ஒரே தொடரில் நிறையத் தரவு போய்விடும். ஒரு டிரைவ் வாசிக்காததை வேறொரு பழைய டிரைவ் மெதுவேகத்தில் வாசித்தது. விளிம்பு உரிந்த தட்டின் கடைசிப் பகுதி மட்டும் வரவில்லை. டிவிடி தரம் என்பதால் படம் மங்கல்தான். ஆனால் மத்தளமும் அண்ணாவியாரின் குரலும் தெளிவாக இருந்தன.

எதை எதற்கு வாங்குவது

எல்லாவற்றையும் ஒரே பெரிய எஸ்எஸ்டியில் போடும் யோசனைக்கு இங்கே திரும்பினோம். வேலையை மூன்றாகப் பிரித்துக் கேட்டோம்: எதில் இயங்குவது, எதில் வெட்டி ஒட்டுவது, எதில் வைத்திருப்பது. மூன்றுக்கும் ஒரே பொருள் பொருந்தாது.

பழைய மதர்போர்டில் ரேம் துளை இரண்டு. டிடிஆர்3 மட்டும் ஏற்கும். உச்சம் 16 ஜிபி. கடைகளில் புதிதாக எளிதில் கிடைப்பது டிடிஆர்4, டிடிஆர்5. மேசைக்கணினித் துண்டுகளில் டிடிஆர்3க்கு 240 ஊசிகள், 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 288 ஊசிகள், 1.2 வோல்ட். டிடிஆர்5க்கும் 288 தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்றின் துளையில் மற்றது இறங்காது. இறங்கவில்லை என்று அழுத்தி உடைத்தவர்கள் உண்டு. அதோடு எச்61 சில்லுத்தொகுதி விநாடிக்கு 3 கிகாபிட் சாட்டாவுடன் நின்றுவிடும், யூஎஸ்பி 3 அதில் இயல்பாக இல்லை, சிறு பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளையும் இல்லை. யூஎஸ்பி 2 வழியாக விநாடிக்கு 30 எம்பி என்று வைத்தால் 360 ஜிபியை இறக்கவே மூன்று மணித்தியாலத்துக்கு மேல். அந்தக் கணினியில் ரேமுக்குப் பெருஞ்செலவு செய்வது வீண் என்று முடிவெடுத்தோம். 8 ஜிபி பழைய துண்டு ஒன்றும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும் போட்டு, பில் எழுதவும் ஆல்பம் வடிவமைக்கவும் அதை ஒதுக்கினோம். அரை வேக சாட்டாவிலும் எஸ்எஸ்டியின் நன்மை தெரிந்தது. கணினி திறக்கும் வேலை சிறுசிறு துண்டுகளைத் தேடி வாசிக்கும் வேலை, அங்கே ஊசிக்கை ஓட்டம் இல்லாததே பெரிய இலாபம்.

எடிட்டிங்குக்கு எட்டாம் தலைமுறைப் பிராசசருடன் அலுவலகப் பாவனையிலிருந்து வந்த கணினி ஒன்றை வாங்கினார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் புதுக்கணினி விலைக்கு உரிமையாளரின் கை எட்டவில்லை. 8 ஜிபி டிடிஆர்4 துண்டு இரண்டை, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும் இரட்டைச் சனலாகப் போட்டோம். இரண்டு துளை வெறுமையாக விடப்பட்டது. 16 ஜிபி 4கே எடிட்டிங்குக்குத் தாராளம் என்று சொல்ல மாட்டேன். அதனால் புரொக்சி முறையைப் பழக்கினோம்: சிறு அளவுப் பிரதிகளை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் மூலத்திலிருந்து ஏற்றுமதி செய்வது. காசு செலவில்லாத இந்தப் பழக்கம் இன்னொரு 16 ஜிபி ரேமைவிட அதிகம் உதவியது.

வேலை டிஸ்க்காக எம்.2 எஸ்எஸ்டி. ஒரே வடிவத்தில் சாட்டா வகையும் என்விஎம்ஈ வகையும் விற்கப்படுவதால், துளை எதை ஏற்கும் என்று மதர்போர்ட் கையேட்டில் பார்த்த பிறகே வாங்கினோம். சாட்டா விநாடிக்கு 550 எம்பி அளவில் முட்டி நிற்கும். மதர்போர்டின் வேகப் பாதையான பிசிஐஈ 3இன் நாலு தடத்தில் ஓடும் என்விஎம்ஈ 3,500 எம்பியை எட்டும்.

அடுத்த வாக்குவாதம், ஏறத்தாழ ஒரே விலையில் 2 டிபி கியூஎல்சி வகை எஸ்எஸ்டியா, 1 டிபி டிஎல்சி வகையா என்பது. மருமகன் பெரியதைக் கேட்டார். டிஎல்சியில் ஒரு கலத்தில் 3 பிட், கியூஎல்சியில் 4 பிட். பிட் கூடக்கூட ஒரே கலத்துக்குள் மின்னேற்ற மட்டங்களை நுணுக்கமாகப் பிரித்தெழுத வேண்டும். எழுதுவது தாமதமாகும், ஆயுளும் குறையும். இதை மறைக்க உற்பத்தியாளர்கள் ஒரு பகுதியை ஒற்றை பிட் வேகத்தில் தற்காலிகமாகப் பாவிப்பார்கள். சாதாரணப் பாவனையாளர் அந்தப் பகுதியை ஒருநாளும் தாண்ட மாட்டார். ஒரே மூச்சில் 360 ஜிபி கொட்டும் ஸ்டூடியோ தாண்டும். டிஸ்க் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் சீக்கிரமே தாண்டும். தாண்டியபின் சில கியூஎல்சிகள் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாக எழுதும். ஆகவே 1 டிபி டிஎல்சி. தேய்ந்துவிடாதா என்று உரிமையாளர் கேட்டார். பல 1 டிபி டிஎல்சிகளுக்கு 600 டிபி எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. கிழமைக்கு 400 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு ஏறத்தாழ 21 டிபிதான்.

வைத்திருப்பதற்குச் சுழலும் ஹார்ட் டிஸ்க்கையே பரிந்துரைத்தோம்: 3.5 அங்குல 4 டிபி இரண்டு, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை. எஸ்எஸ்டி தரவை மின்னேற்றமாக வைத்திருப்பது. நினைவகச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலையின்படி, பொதுப்பாவனை எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முடித்த நிலையில், மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட நீண்ட காலம் காக்கும்தான். ஆனாலும் சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழுள்ள அலுமாரி 30 பாகையில் நிற்காது. வெப்பம் கூடக் கூடக் காலம் சுருங்கும். வருடக்கணக்கில் தொடாமல் வைக்கும் கூத்துப் பதிவை அதில் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. கைக்கடக்கமான போர்ட்டபிள் டிஸ்க்குகளைத் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. அவற்றில் பலவற்றின் யூஎஸ்பி முனை டிஸ்க்கின் சர்க்கிட் பலகையிலேயே ஒட்டியிருக்கும். பழுதானால் சாட்டாவில் பொருத்தி மீட்க வழி இருக்காது.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியில், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாக எழுதப்படும் ரெய்டாகப் போடலாமே என்று ஒரு நண்பர் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அதே நொடி அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் ஒன்றாக நனையும். ஆகவே ஒன்று ஸ்டூடியோவில், மற்றது வேறு ஊரான செங்கலடியில் உரிமையாளரின் தங்கை வீட்டில், சிலிக்கா ஜெல் பொதியுடன் காற்றுப்புகாப் பெட்டிக்குள். கிளவுட்டில் எல்லாவற்றையும் ஏற்றுவது சரிவராது. விநாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் ஒரு கல்யாணத்தின் மூலப்பதிவுக்கு 80 மணித்தியாலம். முடிந்த வீடியோக்களும் கூத்துப் பதிவுகளும் மட்டும் அங்கே போகின்றன.

மெமரி கார்ட் விடயத்தில் செலவைக் குறைத்தோம். 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 எம்பிதான், குறைந்தது 30 எம்பிக்கு உறுதி தரும் வி30 கார்ட் போதும், வி60 தேவையில்லை. ஆனால் எந்தக் கார்டும் பென்னும் வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூவில் முழுச் சோதனை. இரண்டு இடத்தில் கொப்பி எடுத்து, செக்சம், அதாவது பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் சரிபார்ப்பு எண், ஒத்துப்போன பிறகே பார்மட். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்கலாம் என்று நம்பக்கூடாது என்பதையும் மருமகனுக்குச் சொன்னோம். அழித்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போனதும் கலங்கள் துப்புரவாகிவிடும்.

பின் நடந்தவை

எடிட்டிங் உறைவது நின்றது. வேலை டிஸ்க் தொண்ணூறு வீதம் நிரம்பியபோது ஒருமுறை வேகம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒரு பங்கை வெறுமையாக விடும்படி சொன்னோம். சில மாதங்களில் ஸ்டூடியோவிலிருந்த 4 டிபி டிஸ்க்கின் சி7 எண் ஏறியது. உரிமையாளர் பயந்துபோய் எடுத்து வந்தார். 05, சி5 இரண்டும் பூச்சியம். கேபிளின் முனை துருப்பிடித்திருந்தது. கேபிளை மாற்றியதும் எண் அதே இடத்தில் நின்றது.

2024 நவம்பர் இறுதியில் கிழக்கை மூடிய பெருமழையில் ஸ்டூடியோவுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. கணினிகளை ஏற்கெனவே மேசைக்கு மேல் ஏற்றியிருந்ததால் சேதமில்லை. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் செங்கலடிப் பிரதியின் நினைப்பு வந்திருக்கிறது. பார்த்தால், அது இரண்டு மாதம் பழையது. டிஸ்க்கைக் கொண்டுபோய் மாற்றும் வேலை யாருடையது என்று தீர்மானிக்கப்படாமல், மாமன் மருமகன் பார்ப்பான் என்றும், மருமகன் மாமன் பார்ப்பார் என்றும் இருந்திருக்கிறார்கள்.

மாற்றியவை, மாற்ற இருப்பவை

இப்போது அந்த வேலை மருமகனுடையது. ஒவ்வொரு கல்யாண வேலைக்கும் பில் புத்தகத்தில் ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள்: செங்கலடிக்குப் போன திகதி. அது நிரம்பாமல் மீதிக் காசுக்கான பில் எழுதுவதில்லை. கல்யாண மூலப்பதிவுகளை வேலை கொடுத்து ஆறு மாதத்தின் பின் அழிப்பதாகவும் பில்லிலேயே எழுதினார்கள். எதையும் எறியாத உரிமையாளருக்கு இதில் இன்னும் முழுச் சம்மதமில்லை, "ஆரும் வந்து கேட்டா என்ன சொல்லுற?" என்பார். ஆனால் 4 டிபி நிரம்பும் வேகத்தைப் பார்த்தபின் கூத்தும் கோயிலும் மட்டும் என்றென்றைக்கும் என்று இறங்கி வந்தார்.

கூத்துப் பதிவுகளின் முழுப் பிரதி அந்தந்த ஊர்க் குழுவுக்கும் ஒரு டிஸ்க்கில் கொடுக்கப்படுகிறது. இனி இதுபோன்ற வேலை எங்களிடம் வந்தால், புதுச் சாதனங்களின் பட்டியலோடு யார் எப்போது எதைக் கொண்டுபோவது என்பதையும் முதல் நாளே எழுதி வாங்குவோம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. எட்டாம் தலைமுறைக் கணினி விண்டோஸ் 11க்கு மாறியது. எச்61 கணினி அந்தத் தகுதிக்குள் வராததால், இணையக் கேபிளைக் கழற்றிவிட்டு, புதிய கார்டுகளையும் பென்களையும் சோதிக்கும் மேசையாக அதை வைத்திருக்கிறார்கள்.